ஒரே திராட்சை, இரண்டு ஊர்: ஒயின் ருசித்துப் பழக முழுமையான வழிகாட்டி

வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து, பெயர் பெற்ற ஒயின் ஊர்களையும் இப்போது எழுந்துவரும் ஊர்களையும் ருசித்துப் பழக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நண்பர்களை வைத்து இதை அடிக்கடி நடத்துகிறேன். புதிதாக வருகிறவர்களின் நாக்கு பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. தடுமாற்றம் எல்லாம் அதற்கு முன்பே, எந்த பாட்டில்களை வாங்கினார்கள், எப்படிக் குளிர வைத்தார்கள், எதை முதலில் திறந்தார்கள் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். பிரான்ஸில் ஒன்று, சிலியில் ஒன்று, இத்தாலியில் ஒன்று, நாசிக்கில் ஒன்று என்று ஆளுக்கொரு பாட்டில் வாங்கி வருவார்கள். நாலும் நாலு திராட்சை. ருசி வித்தியாசமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வித்தியாசம் திராட்சையால் வந்ததா, வெயிலால் வந்ததா, மரப் பீப்பாயால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியில் "எனக்கு இது பிடிச்சது" என்பதோடு முடிந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதியில் நிற்கிறது: திராட்சை ஒன்றாக இருக்கட்டும், ஊர் மட்டும் மாறட்டும்.

1. ஜோடியை முதலில் முடிவு செய்யுங்கள், கடைக்கு அப்புறம் போங்கள்

ஒரு மாலைக்கு இரண்டு ஜோடி, அதாவது நாலு பாட்டில் போதும். அதற்கு மேல் போனால் மூக்கு களைத்துவிடும். ஜோடியில் ஒன்று அந்தத் திராட்சைக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்ற ஊர், மற்றது அதே திராட்சையைப் பின்னால் எடுத்துக்கொண்ட ஊர். நான் மறுபடி மறுபடி பயன்படுத்தும் ஜோடிகளைச் சொல்கிறேன்.

சொவின்யோன் பிளாங்க் (வெள்ளைத் திராட்சை): பிரான்ஸின் லுவார் பகுதியில் உள்ள சான்செர், நியூசிலாந்தின் மார்ல்பரோ. முதல் தடவை செய்கிறவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் வித்தியாசம் கிளாஸைத் தூக்கும்போதே தெரியும். மார்ல்பரோவில் வணிக அளவில் கொடி நட்டதே 1973இல்தான். அந்த ஒயினில் பேஷன் ஃப்ரூட், கொய்யா, அறுத்த புல் என்று வாசனை குதித்துக்கொண்டு வரும். சான்செர் சுண்ணாம்பும் தீக்கல்லும் கலந்த மண்; ஒயின் அடக்கமாக, எலுமிச்சைத் தோலும் ஈரக்கல்லுமாக, கொஞ்சம் பொறுத்தே பேசும்.

மால்பெக் (சிவப்பு ஒயின் தரும் திராட்சை): பிரான்ஸின் காஓர், அர்ஜென்டினாவின் மெண்டோசா, முடிந்தால் அதிலும் ஊக்கோ பள்ளத்தாக்கு. காஓர் என்று லேபிளில் போட வேண்டுமானால் குறைந்தது 70 சதவீதம் மால்பெக் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஊக்கோ பள்ளத்தாக்குத் தோட்டங்கள் ஆண்டிஸ் மலையடிவாரத்தில் ஏறத்தாழ 900 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் குளிர். வெயில் பழத்தைக் கனிய வைக்கிறது, குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் மெண்டோசா மால்பெக் கறுப்பு பிளம் பழம்போல மெத்தென்று இறங்குகிறது. காஓர் துவர்ப்போடு, மண் வாசனையோடு இறுகி நிற்கிறது.

சிரா (இதுவும் சிவப்பு): பிரான்ஸின் வடக்கு ரோன் (க்ரோஸ்-எர்மிதாஜ் கிடைத்தால் விலை தாங்கும்), ஆஸ்திரேலியாவின் பரோசா. ஆஸ்திரேலியாவில் இதையே ஷிராஸ் என்று எழுதுவார்கள். இந்தியாவில் இருப்பவர்கள் மூன்றாவதாக ஒரு நாசிக் ஷிராஸையும் சேர்க்கலாம்.

குமிழி ஒயின்: ஷாம்பெயின், இங்கிலாந்தின் சசெக்ஸ் அல்லது கென்ட். திராட்சைகள் அநேகமாக அதே மூன்று (ஷார்டனே, பினோ நுவார், பினோ முனியே), பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது தடவை நொதிக்க வைக்கும் முறையும் அதே, தெற்கு இங்கிலாந்தின் பல தோட்டங்களில் மண்ணும் ஷாம்பெயினில் இருப்பது போன்ற சுண்ணாம்புதான். ஆனால் குளிர் கூடுதல். அதனால் இங்கிலாந்து ஒயினில் பச்சை ஆப்பிள் புளிப்பு தூக்கலாக இருக்கும். லண்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இது சுலபமான ஜோடி, இரண்டு பாட்டிலும் பெரிய சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.

விலை ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். மூன்று மடங்கு விலையுள்ள சான்செரை மலிவான மார்ல்பரோவோடு வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது பணத்தை, ஊரை அல்ல.

2. லேபிளில் நாலு விஷயம் பாருங்கள்

ஒன்று, திராட்சையின் பெயர். ஐரோப்பாவின் பழைய ஊர்கள் பலவற்றில் லேபிளில் ஊர்ப் பெயர் மட்டும்தான் இருக்கும், திராட்சை இருக்காது. வெள்ளை சான்செர் என்றால் சொவின்யோன் பிளாங்க், ஷப்லி என்றால் ஷார்டனே, பரோலோ என்றால் நெபியோலோ. இது தெரியாமல் "சான்செர் திராட்சை இருக்கா" என்று கேட்டு, கடைக்காரர் எதையோ எடுத்துக் கொடுக்க, வீட்டுக்கு வந்தபின் பார்த்தால் சிவப்பு சான்செர். அது பினோ நுவார். ஜோடி போயிற்று.

இரண்டு, வருடம். தென்கோளத்தில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, பிரான்ஸில் செப்டம்பரை ஒட்டி. ஒரே வருடம் போட்டிருந்தாலும் நியூசிலாந்து ஒயினுக்கு அரை வருடம் வயது கூடுதல். நாசிக் வடகோளத்தில் இருந்தாலும் அங்கே அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. மழைக்காலம் பழத்தை அழுகடித்துவிடும் என்பதால் கொடியை வருடத்துக்கு இரண்டு தடவை கவாத்து செய்து, மழை ஓய்ந்தபின் காய்க்க விட்டு, குளிர்காலத்தில் பழுக்க வைக்கிறார்கள். இளம் வெள்ளை ஒயினில் ஒரு வருட வித்தியாசமே வாசனையை மாற்றிவிடும், ஆகவே இதைக் கவனியுங்கள்.

மூன்று, ஆல்கஹால் சதவீதம். வெயில் கூடிய ஊரில் பழத்தில் சர்க்கரை ஏறும், நொதித்தபின் அது ஆல்கஹாலாகும். ஒரு பாட்டிலில் 12.5, மற்றதில் 14.5 என்று இருந்தால் இரண்டு ஊரின் வெயிலையும் லேபிளிலேயே படித்துவிட்டீர்கள்.

நான்கு, இனிப்பு. ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையில் ஜோடி போடுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பிரான்ஸின் வூவ்ரேயில் 'செக்' என்றால் இனிப்பில்லாதது, 'டெமி-செக்' என்றால் அரை இனிப்பு. நாசிக் ஷெனினிலும் லேசான இனிப்போடு வருபவை உண்டு. இரண்டும் ஒரே தரத்தில் இல்லாவிட்டால் சர்க்கரை மட்டும்தான் தெரியும், ஊர் தெரியாது.

திருகு மூடி போட்டிருந்தால் மட்டமான ஒயின் என்று ஒதுக்காதீர்கள். நியூசிலாந்தில் நல்ல ஒயின்களிலும் பெரும்பாலும் அதுதான்.

இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர்களுக்கு: தீர்வையில்லாத அளவு 2 லிட்டர், அதற்குள் 750 மி.லி. பாட்டில் இரண்டு அடங்கும். ஒரு முழு ஜோடிக்குச் சரியாக இருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதற்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி, போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் குடிக்கச் சட்டப்படி வயது 21.

3. அறையைத் தயார் செய்யுங்கள்

ஆளுக்கு மூன்று கிளாஸ் வேண்டும் (ஏன் மூன்று என்று ஆறாம் பகுதியில் வரும்). விலையுயர்ந்தது தேவையில்லை, வாய் குறுகி வயிறு அகன்று, எல்லாம் ஒரே வடிவமாக இருந்தால் போதும். வடிவம் மாறினால் வாசனை மாறும், அப்புறம் ஒப்பிட முடியாது. அலமாரியில் நாளாக இருந்த கிளாஸில் மர வாடை அல்லது சோப்பு வாடை ஒட்டியிருக்கும். வெறும் கிளாஸை முகர்ந்து பார்த்து, வாடை இருந்தால் வெந்நீரில் அலசுங்கள்.

துப்புவதற்கு ஆளுக்கொரு காகித டம்ளர், மேசைக்கு ஒரு வெள்ளைத் தாள், தண்ணீர், உப்பும் காரமும் இல்லாத ரொட்டி. மிக்சரும் முறுக்கும் மேசைக்கு வரவே கூடாது. மிளகாய்க் காரம் நாக்கில் இருக்கும்போது ஆல்கஹாலின் எரிச்சலும் துவர்ப்பும் இரட்டிப்பாகத் தெரியும். நல்ல காஓரைக்கூட "கசக்குது" என்று தள்ளிவிடுவார்கள்.

நம் வீடுகளில் முக்கியமான இன்னொன்று: ஊதுபத்தி, சாம்பிராணி, தலையில் மல்லிகை, அடுப்பில் தாளிப்பு, எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். ஒயினின் வாசனை மெல்லியது, மல்லிகை முன்னால் அது நிற்காது. சமையலை முடித்து ஜன்னலைத் திறந்து விட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள்.

4. குளிர்ச்சியைச் சரி செய்யுங்கள்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்று எங்கும் எழுதியிருக்கும். அந்த அறை ஐரோப்பாவின் குளிர்ந்த அறை. சென்னையில் 32 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் ஆவியாகி மூக்கில் குத்தும், பழ வாசனை அமுங்கிவிடும்.

சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி, வெள்ளைக்கு 8 முதல் 12, குமிழி ஒயினுக்கு 6 முதல் 10. எளிய வழி: சிவப்பை ஊற்றுவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளையைக் காலையிலேயே வைத்து, ஊற்றுவதற்குக் கால் மணி முன்பு வெளியே எடுங்கள். நேரம் இல்லையென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கை உப்பு. அதில் பாட்டில் இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும். ஐஸை மட்டும் போட்டால் பாட்டிலைச் சுற்றிக் காற்று இடைவெளிதான் இருக்கும், நேரமாகும்.

ஜோடியில் இருக்கும் இரண்டு பாட்டிலும் ஒரே நேரத்தில் ஃபிரிட்ஜுக்குள் போய் ஒரே நேரத்தில் வெளியே வர வேண்டும். ஒன்று ஃபிரிட்ஜ் கதவுத் தட்டிலும் மற்றது உள்ளேயும் இருந்தால்கூட வித்தியாசம் வரும்.

5. வரிசை: லேசானதிலிருந்து கனமானதற்கு

குமிழி, அப்புறம் வெள்ளை, அப்புறம் சிவப்பு, இனிப்பு ஒயின் இருந்தால் கடைசி. துவர்ப்பும் இனிப்பும் வாயில் தங்கிவிடும் என்பதுதான் காரணம். பரோசா ஷிராஸ் குடித்த வாய்க்குச் சான்செர் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும்.

ஒவ்வொரு பாட்டிலையும் திறந்ததும் நீங்கள் மட்டும் ஒரு மடக்கு ஊற்றி முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் தக்கையால் கெட்டது. நகப்பாலீஷும் வினிகரும் கலந்த வாடை வந்தால் அதுவும் கெட்டது. இதைச் செய்யாமல் ஊற்றினால், கெட்டுப்போன ஒரு பாட்டிலை வைத்து ஒரு ஊரையே மட்டம் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எழுந்துவரும் ஊர்களுக்கு இந்த அநியாயம் அடிக்கடி நடக்கிறது: பேர் பெற்ற ஊரின் பாட்டில் கெட்டிருந்தால் "இந்த பாட்டில் சரியில்லை" என்பார்கள், நாசிக் பாட்டில் கெட்டிருந்தால் "இந்திய ஒயினே இப்படித்தான்" என்பார்கள்.

6. மூடி வைத்து ஊற்றுங்கள், மூன்று கிளாஸில்

பாட்டில்களைச் செய்தித்தாளில் கழுத்துவரை சுற்றுங்கள். பெயரைப் பார்த்துவிட்டால் மூளை முடிவு செய்துவிடும், நாக்கு அதற்குத் தலையாட்டும்.

இப்போது மூன்று கிளாஸ். ஜோடியில் ஒரு ஒயினை இரண்டு கிளாஸிலும் மற்றதை ஒரு கிளாஸிலும், தலா 50 மி.லி. ஊற்றுங்கள். எது எங்கே என்று ஊற்றுகிறவருக்கு மட்டும் தெரிய வேண்டும். கிளாஸ் அடியில் எண் ஒட்டிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு ஒரே கேள்வி: மூன்றில் தனித்து நிற்பது எது?

இது ருசி ஆய்வுக்கூடங்களில் செய்யும் முறைதான், வீட்டுக்கும் இதைவிட நேர்மையான முறை எனக்குத் தெரியவில்லை. தனித்ததைக் கண்டுபிடிக்க முடிந்தால்தான் அடுத்து வித்தியாசத்தை விவரிப்பதில் பொருள் இருக்கிறது. ஒரே பாட்டிலிலிருந்து வந்த இரண்டு கிளாஸுக்கு இரண்டு விதமாகப் பக்கம் பக்கமாக எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் குறை இல்லை, வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும்.

7. ஒரு கிளாஸை ருசிப்பது

முதலில் பார்ப்பது. கிளாஸை வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். இளம் மால்பெக்கின் ஓரம் கத்திரிக்காய் ஊதாவாக இருக்கும். வயதாக ஆகச் செங்கல் நிறத்துக்கு மாறும். இதற்கு ஐந்து விநாடி போதும்.

அடுத்து முகர்வது, இதில்தான் நேரம் செலவிட வேண்டும். கிளாஸைச் சுழற்றாமல் ஒரு தடவை, சுழற்றிவிட்டு ஒரு தடவை. நீளமாக இழுக்காமல் குட்டிக் குட்டியாக முகருங்கள், நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் மரத்துவிடும். மரத்துப்போனால் உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

புத்தகங்களில் இருக்கும் பழங்களைத் தேடாதீர்கள். நெல்லிக்காய் என்று அவர்கள் எழுதுவது நம் நெல்லிக்காய் இல்லை, கறுப்புத் திராட்சை வத்தல் என்பது நம் கிஸ்மிஸ் இல்லை. உங்களுக்குத் தெரிந்த கொய்யா, நாவல்பழம், குடைமிளகாய், பன்னீர் ரோஜா, கிராம்பு, வெட்டிவேர், மழை நனைத்த மண், இவற்றில் எது தெரிகிறதோ அதைச் சொல்லுங்கள். சிரா ஜோடிக்கு முன்னால் நாலு மிளகை நசுக்கி ஒரு சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். வடக்கு ரோன் சிராவில் வரும் மிளகு வாசனை உவமை இல்லை. மிளகில் இருக்கும் ரொட்டண்டோன் என்ற அதே பொருள் திராட்சைத் தோலிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டறிந்தார்கள். குளிர்ந்த ஊரில் அது அதிகம் சேரும், அதனால் பரோசாவைவிட ரோனில் எதிர்பாருங்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை தெரியவே தெரியாது என்பதும் அந்த ஆய்வில் வந்ததுதான், ஆகவே பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

பிறகு வாய். ஒரு சின்ன மடக்கு, வாய் முழுக்கப் பரவ விட்டு, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். எல்லாவற்றையும் ஒரே மடக்கில் பிடிக்கப் பார்க்காதீர்கள், மடக்குக்கு ஒரு கேள்வி.

இனிப்பா? இங்கே எல்லோருமே தடுக்கி விழுகிறார்கள். மார்ல்பரோவை ருசித்த ஒரு நண்பர் "இதில் சர்க்கரை போட்டிருக்கிறார்கள்" என்று உறுதியாகச் சொன்னார். மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மடக்கு குடிக்கச் சொன்னேன். குடித்தார், முகம் சுருங்கியது, வெறும் புளிப்பு. மூக்கை விட்டதும் பழம் திரும்பி வந்தது. பழ வாசனையை மூளை இனிப்பு என்று படித்துவிடுகிறது. சந்தேகம் வரும்போதெல்லாம் மூக்கைப் பிடியுங்கள்.

புளிப்பு எவ்வளவு? துப்பிவிட்டுத் தலையைக் குனிந்து வாயை மூடிக்கொள்ளுங்கள். எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு.

துவர்ப்பு எவ்வளவு? நாக்கை மேல் ஈறில் தேயுங்கள். நாவல்பழம் தின்ற மாதிரி பிடிக்கிறதா, வழுக்குகிறதா?

ஆல்கஹால் எவ்வளவு? துப்பியபின் மூச்சை வெளியே விடுங்கள், தொண்டையில் சூடு தெரியும்.

கடைசியாக, ருசி எத்தனை விநாடி தங்குகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். ஒயினின் தரத்தைப் பற்றி எனக்கு அதிக நம்பிக்கை தரும் அளவு இதுதான், ஊர் பழையதோ புதியதோ.

துப்ப வெட்கப்படாதீர்கள். நாலு பாட்டிலையும் விழுங்கினால் கடைசி பாட்டில் எல்லோருக்கும் அருமையாகத்தான் இருக்கும். வண்டி ஓட்டுகிறவர் துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும், அவருக்கு வேறு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

8. எழுதிவிட்டுப் பேசுங்கள்

பேச்சை முதலில் தொடங்கினால் சத்தமாகப் பேசுகிறவரின் மூக்குதான் எல்லோர் மூக்கும் ஆகும். யாராவது "வெண்ணெய் வாசனை" என்றால் எல்லோருக்கும் வெண்ணெய் வரும். ஆகவே ஐந்து நிமிடம் மௌனமாக எழுதட்டும்: இரண்டு வாசனை, புளிப்பு, துவர்ப்பு, சூடு, தங்கும் நேரம், எது வெயில் ஊர் எது குளிர் ஊர் என்ற ஊகம், அதற்குக் காரணம். காரணம் எழுதாத ஊகத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை, ஊகம் தவறினாலும் காரணம் அடுத்த தடவை உதவும். அப்புறம் செய்தித்தாளைக் கிழியுங்கள்.

9. ஜோடியில் அடங்காத ஊர்கள்

மூன்று நாலு மாலை இப்படிப் போனபின் ஜார்ஜியாவுக்கு வாருங்கள். அங்கே ஒயின் செய்ததற்கு எட்டாயிரம் ஆண்டுப் பழைய தடயம் இருக்கிறது, ஆனாலும் நம் கடைகளுக்கு அது புதிய ஊர். காகெதிப் பகுதியின் ர்காட்சிதெலி என்ற வெள்ளைத் திராட்சையை, மரபு முறையில், தோலோடும் விதையோடும் மண்ணில் புதைத்த க்வெவ்ரி என்ற பெரிய தாழியில் மாதக்கணக்கில் ஊற விடுகிறார்கள். அதனால் வெள்ளை ஒயினிலேயே சிவப்பின் துவர்ப்பு வருகிறது, நிறம் தேன்போல இருக்கிறது.

புதியவர்கள் இதை வெள்ளை என்று நினைத்து நன்றாகக் குளிர வைத்துவிடுவார்கள். குளிரில் துவர்ப்பு கடுகடுவென்று ஆகும். 14 டிகிரி சுமாரில் ஊற்றுங்கள். இங்கே ஜோடியையும் மாற்றிப் போட வேண்டும்: ஊரை மாற்றாமல், அதே ர்காட்சிதெலியைத் தாழியில் செய்தது ஒன்று, தோலை நீக்கி எஃகுத் தொட்டியில் செய்தது ஒன்று. லேபிளில் க்வெவ்ரி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

10. மிச்சத்தை வீணாக்காதீர்கள்

ஆளுக்கு 50, 100 மி.லி. ஊற்றினால் நாலைந்து பேருக்கும் போக ஒவ்வொரு பாட்டிலிலும் நிறைய மிஞ்சும். உடனே மூடி, சிவப்பானாலும் ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். குளிரில் கெடுவது மெதுவாகும். சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடினால் காற்றுக்கு இடமில்லை, இன்னும் நல்லது.

மறுநாள் இதே ஜோடியை இரவுச் சாப்பாட்டோடு குடித்துப் பாருங்கள், இப்போது காரம் வரலாம். மெண்டோசா மால்பெக்கும் மட்டன் சுக்காவும் ஒத்துப்போகும், காஓர் மிளகாயோடு சண்டை போடும். காரம் அதிகமான மேசைக்கு ஆல்கஹால் குறைந்த, லேசாக இனிக்கும் ஒயின்தான் பொருந்தும். ஜெர்மனியின் மோசல் பகுதியில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்து, 'கபினெட்' என்று போட்டது பெரும்பாலும் 8, 9 சதவீதத்திலேயே நிற்கும். அடுத்த ஜோடிக்கு அதை ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு, மறுபக்கம் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங்கை வைக்க ஆசை வரும். கிளேர் பெரும்பாலும் இனிப்பில்லாதது. ஆகவே மோசலிலும் அன்றைக்கு கபினெட்டை விட்டுவிட்டு, 'ட்ரோக்கன்' (இனிப்பில்லாதது) என்று போட்ட பாட்டிலைத் தேடி எடுங்கள்.